உள்ளே நனைத்தது கடலா, வியர்வையா?

பாய்மரப் படகில் போகிறவர்களுக்கான நீர்புகா உடைகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்

கேள்வி: இரண்டு ஜாக்கெட்டுகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றின் சீட்டில் 10,000 மி.மீ. என்றும் இன்னொன்றில் 20,000 மி.மீ. என்றும் போட்டிருக்கிறது. விலையும் கிட்டத்தட்ட இரு மடங்கு. இந்த எண் எதைச் சொல்கிறது? பெரிய எண்ணையே வாங்கிவிடட்டுமா?

பதில்: துணித்துண்டு ஒன்றை இறுக்கிப் பிடித்து, ஒரு பக்கத்தில் தண்ணீரின் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். மறுபக்கம் மூன்றாவது துளி எட்டிப் பார்க்கும்போது அளவைக் குறித்துக்கொள்வார்கள். 10,000 மி.மீ. என்றால், 10 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் தன் அடியில் தரும் அழுத்தத்தை அந்தத் துணி தாங்கியது என்று பொருள். சாதாரண மழை அதற்குப் பக்கத்தில்கூட வராது.

படகில் அழுத்தம் வருவது உடம்பின் பாரம் இறங்கும் இடங்களில்தான். ஈரத் தளத்தில் முழங்காலிட்டு வேலை செய்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். 70 கிலோ எடை இரண்டு முழங்கால்களில், ஒவ்வொன்றிலும் 50 சதுர செ.மீ. பரப்பில் இறங்கினால் அது 7 மீட்டர் தண்ணீரின் அழுத்தம். உட்காரும் இடத்துக்கும், ஆளைப் படகோடு பிணைக்கும் ஹார்னெஸ் பட்டை இழுபடும் தோளுக்கும் இதே கதைதான். சீட்டில் உள்ள எண்ணோ புதுத் துணிக்கானது. தளத்தில் தேய்ந்து தேய்ந்து அது இறங்கிக்கொண்டே வரும். ஆகவே பெரிய எண் வேண்டியது முதலில் கால்சட்டைக்கு, பிறகுதான் ஜாக்கெட்டுக்கு. கடைகளில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

காலையில் போய் மாலையில் கரை திரும்புபவருக்கு, எல்லாத் தையல்களும் உள்பக்கம் டேப் ஒட்டி அடைக்கப்பட்ட 10,000 மி.மீ. ஜாக்கெட் போதும். இரவும் பகலும் தொடர்ந்து தளத்தில் இருப்பவர்கள் 20,000 பக்கம் போகலாம். ஒன்றை மறக்க வேண்டாம்: அந்த எண் துணிக்கு மட்டும்தான், தையலுக்கோ ஜிப்புக்கோ அல்ல. ஊசி இறங்கிய ஒவ்வொரு துளையும் ஒரு வழி. சில உடைகளில் தோள், தொப்பி போன்ற முக்கியத் தையல்களுக்கு மட்டுமே டேப் இருக்கும். உள்ளே திருப்பிப் பாருங்கள். டேப் இல்லாத தையல் ஒன்று தென்பட்டாலும், கடலுக்கு அது வேண்டாம்.

கேள்வி: போன பருவத்தில் வாங்கிய ‘சுவாசிக்கும்’ ஜாக்கெட் இது. இரண்டு மணி நேரம் ஓட்டினால் உள்ளே ஈரம். விற்றவர் ஓட்டை எதுவும் இல்லை என்று அடித்துச் சொல்கிறார். யாரை நம்புவது?

பதில்: நாக்கில் வைத்துப் பார்த்துத் தீர்க்க முடியாத வழக்கு இது, கடலும் உப்பு, வியர்வையும் உப்பு. ஈரம் இருக்கும் இடத்தைப் பாருங்கள். முதுகு, அக்குள், முழங்கையின் உள்மடிப்பு ஆகியவற்றில் பரவலான பிசுபிசுப்பு என்றால் உங்கள் வியர்வை. தையலை ஒட்டிக் கோடாகவோ, மணிக்கட்டிலிருந்து மேலேறியோ, கழுத்திலிருந்து மார்புக்கு இறங்கியோ இருந்தால் வெளித் தண்ணீர்.

சந்தேகம் தீரவில்லையா? ஜாக்கெட்டை உலர்த்தி, சந்தேகப்படும் பகுதியைப் பை போல ஏந்திப் பிடியுங்கள். துணியின் வெளிமுகம் பைக்கு உள்பக்கமாக இருக்க வேண்டும். இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் காத்திருங்கள். ஓட்டை இருந்தால் வெளியே தெரியும் உள்முகத்தில் துளி துளியாகப் பூக்கும். அங்கேயே பேனாவால் வட்டமிட்டுவிடுங்கள், காய்ந்தபின் தேடினால் கிடைக்காது. தனியாகத் தொங்கும் உள்துணி வைத்துத் தைத்த ஜாக்கெட்டில் இந்தச் சோதனை சரிவராது. துணியும், ஆவியை விட்டுத் தண்ணீரைத் தடுக்கும் மெல்லிய சவ்வும், உள்வலையும் ஒன்றாக ஒட்டிய மூவடுக்குத் துணியில்தான் நன்றாகத் தெரியும்.

உங்கள் விஷயத்தில் என் ஊகம் வேறு. ஜாக்கெட்டின் மேல் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டு ஓடாமல் துணி கறுத்து நனைந்தால், வெளித்துணியில் இருந்த நீர்விலக்கும் பூச்சு போய்விட்டது. சவ்வு இன்னமும் நன்றாகவே இருக்கும், தண்ணீரும் உள்ளே வராது. ஆனால் வெளித்துணி தண்ணீரைக் குடித்துக் கனத்துக் குளிர்ந்து போகும். வியர்வையின் ஆவி வெளியேற வழியின்றி, குளிர்ந்த சவ்வின் உள்பக்கத்திலேயே நீராகப் படியும். ஒழுகுகிறது என்று ஜாக்கெட்டுகளைத் தூக்கிப்போடுபவர்கள் பலர் உண்மையில் இந்தப் பூச்சை இழந்தவர்கள்தான். கழுவிப் பூச்சைப் புதுப்பிக்கும் முறையைக் கீழே இன்னொரு கேள்விக்குச் சொல்லியிருக்கிறேன்.

‘24 மணி நேரத்தில் இத்தனை கிராம் ஆவி’ என்று ஒரு சீட்டும் தொங்கும். அதை அளக்கப் பல முறைகள் உண்டு. ஒரே துணி ஒவ்வொரு முறையிலும் வேறு வேறு எண் காட்டும். ஒரே தயாரிப்பாளரின் இரண்டு உடைகளை ஒப்பிடலாம். வேறு வேறு தயாரிப்பாளர்களின் எண்களை ஒப்பிடுவதில் பயனில்லை.

கேள்வி: மலையேற வாங்கிய நல்ல மழை ஜாக்கெட் இருக்கிறது. படகுக்கு அதுவே போதாதா?

பதில்: அமைதியான ஏரியில் கோடை மழைக்குப் போதும். கடலில் தோற்பது அதன் துணி அல்ல, அதன் வாய்கள்.

மலையில் தண்ணீர் மேலிருந்து கீழே வருகிறது. படகில் பக்கவாட்டில் வந்து அறைகிறது, சில சமயம் கீழிருந்தும் எழும்புகிறது. பாயை ஏற்றக் கயிற்றைத் தலைக்கு மேல் எட்டி இழுக்கும்போது கயிற்றிலிருந்து வழியும் தண்ணீர் மணிக்கட்டு வழியே முழங்கைக்கும் அங்கிருந்து அக்குளுக்கும் ஓடும். இதற்காகத்தான் படகு ஜாக்கெட்டில் மணிக்கட்டுக்கு இரண்டு வளையம்: உள்ளே தோலை ஒட்டிப் பிடிக்கும் மெல்லிய ரப்பர் போன்ற பட்டை, வெளியே வெல்க்ரோ இட்ட துணிப்பட்டை. முன் ஜிப்புக்குப் பின்னால் ஒரு மடிப்பு இருக்கும்; ஜிப் வழியே புகும் தண்ணீர் அதில் இறங்கிக் கீழே வடிந்துவிடும். காலர் காதுவரை உயர்ந்து, முகத்துக்குக் குறுக்கே ஒரு மூடியும் இருக்கும். பைகளின் அடியில் வடிகால் துளை இருக்கும்.

தொப்பியையும் கவனியுங்கள். போட்டு இறுக்கிக்கொண்டு தலையைத் திருப்பிப் பாருங்கள். தொப்பி தலையோடு திரும்ப வேண்டும். அது அப்படியே நிற்க நீங்கள் மட்டும் திரும்பினால், தொப்பியின் உள்துணியைத்தான் பார்ப்பீர்கள், பக்கத்தில் வரும் படகை அல்ல.

உலோக ஜிப் இழுப்பான், உலோகப் பொத்தான் உள்ளதை வாங்க வேண்டாம். உப்பு அவற்றை ஒரே பருவத்தில் இறுக்கிவிடும்.

கேள்வி: டிங்கி எனும் சிறிய பாய்மரப் படகை ஓட்டக் கற்கிறேன். பெரிய படகுக்காரர்கள் போடும் நீள ஜாக்கெட்டும் கால்சட்டையும் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பெரிய படகில் உங்கள் வேலை உலர்ந்திருப்பது. டிங்கி கவிழும், கவிழ்வது பாடத்தின் ஒரு பகுதி. தண்ணீருக்குள் போனதும் அந்தத் தளர்வான உடைக்குள் கழுத்து வழியும் இடுப்பு வழியும் தண்ணீர் நிரம்பும். படகை நிமிர்த்தி மேலே ஏறும்போது அத்தனை கனத்தையும் சேர்த்துத் தூக்க வேண்டும். அதன் நீள விளிம்பு பாய்க்கம்பத்திலும் கயிற்றிலும் மாட்டும்.

முதலில் தண்ணீரின் வெப்பநிலையைக் கேளுங்கள், காற்றின் வெப்பநிலையை அல்ல. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை உறிஞ்சும். 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கும் தண்ணீரில் திடீரென விழுந்தால், மூச்சு நம் கட்டுக்குள் இருக்காது. உறைகுளிர் நீருக்கு மீட்புப் பயிற்சியில் சொல்லித்தரும் கணக்கு 1–10–1: மூச்சை நிலைப்படுத்த ஒரு நிமிடம், கை கால் சொன்னபடி கேட்கும் பத்து நிமிடம், நினைவு தப்பும்வரை ஏறத்தாழ ஒரு மணி நேரம். வெயில் காயும் இளவேனிலில்தான் ஆட்கள் இதை மறந்து டி-ஷர்ட்டோடு போகிறார்கள்.

தண்ணீர் மிதமாக இருந்தால் நியோப்ரீன் என்ற நுரைரப்பரில் செய்த வெட்சூட்டும் அதன்மேல் ஒரு குட்டைத் தெறிப்புச் சட்டையும் போதும். வெட்சூட் நனைவதற்கான உடை. சூட்டைக் காப்பது நியோப்ரீனுக்குள் அடைபட்ட வாயுக் குமிழிகள். தொளதொளவென்றிருந்தால் ஒவ்வொரு முறை குனியும்போதும் புதுக் குளிர்நீர் உள்ளே போய்வரும். எனவே தோலோடு ஒட்டியிருக்கட்டும். மேலே போடும் சட்டை காற்றைத் தடுக்க மட்டுமே. ஈர நியோப்ரீன்மேல் காற்று வீசினால் அது உலர உலர உங்கள் சூடும் போகும்.

குளிர்ந்த தண்ணீருக்கு ட்ரைசூட். கழுத்திலும் மணிக்கட்டிலும் லேடக்ஸ் வளையம், காலில் அதே துணியில் காலுறை. அது தண்ணீரை நிறுத்துமே தவிரச் சூடு தராது, சூடு தருவது உள்ளே போடும் மெத்தென்ற ஃப்ளீஸ் துணி. ஜிப்பைக் கடைசி ஒரு செ.மீ. வரை இழுத்து மூடியதை இன்னொருவர் பார்த்துச் சொல்லட்டும். ட்ரைசூட் நிரம்புவது பெரும்பாலும் அந்த ஒரு செ.மீ. வழியாகத்தான். மூடியபின் குந்தி உட்கார்ந்து, கழுத்து வளையத்தை ஒரு விரலால் விலக்கி உள்காற்றை வெளியேற்றுங்கள். இல்லாவிட்டால் தண்ணீரில் விழுந்ததும் காற்று முழுவதும் கால்களுக்குப் போய் அவற்றை மேலே தூக்கும். புது லேடக்ஸ் கழுத்தை இறுக்கினால் அவசரப்பட்டு வெட்டாதீர்கள். பொருத்தமான பாத்திரம் ஒன்றின்மேல் இரவு முழுவதும் இழுத்து மாட்டி வையுங்கள். அதன்பிறகும் இறுக்கினால் ஒரு நேரத்தில் ஒரே ஒரு வளையம், கூர்மையான கத்திரியால் ஒரே ஓட்டமாக வெட்டுங்கள். வெட்டு பிசிறினால் கிழிசல் அங்கிருந்துதான் தொடங்கும். சன்ஸ்கிரீன் எண்ணெய் லேடக்ஸைத் தின்னும்; கழுத்தில் தடவியிருந்தால் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

கேள்வி: கால்சட்டை இடுப்புவரை இருப்பது நல்லதா, தோளில் பட்டையோடு மார்புவரை ஏறுவதா?

பதில்: மார்புவரை ஏறுவதே. குனிந்தால் முதுகில் ஜாக்கெட் மேலே ஏறும். இடுப்புக் கால்சட்டை என்றால் சரியாக அந்த இடைவெளியில்தான் அலை வந்து விழும். காற்று மிதமான நாளில் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுக் கால்சட்டையோடு மட்டும் இருக்கலாம் என்பது கூடுதல் வசதி. உட்காரும் இடத்திலும் முழங்காலிலும் கோர்டுரா போன்ற தடித்த நைலான் ஒட்டு இருக்கிறதா என்று பாருங்கள். முதலில் ஓட்டை விழுவது அங்கேதான். ஆண்களுக்கு முன்புறம் மேலிருந்தும் கீழிருந்தும் திறக்கும் ஜிப், பெண்களுக்குப் பின்புறம் இறக்கித் திறக்கும் அமைப்பு. பின்னது இல்லாவிட்டால் ஆடும் படகின் குறுகிய கழிப்பறையில் ஜாக்கெட், லைஃப் ஜாக்கெட், பட்டை என எல்லாவற்றையும் கழற்ற வேண்டியிருக்கும். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள் உண்டு. கடலில் அது ஆபத்து.

கால்சட்டையின் அடிவிளிம்பு பூட்ஸுக்கு வெளியே இருக்கட்டும். உள்ளே செருகினால் பூட்ஸ் வாளியாகிவிடும்.

கேள்வி: பூட்ஸில் தண்ணீர் நிரம்பினால் ஆளைக் கீழே இழுத்துவிடும் என்கிறார்களே?

பதில்: இழுக்காது. தண்ணீருக்குள் இருக்கும் தண்ணீருக்கு எடை தெரியாது. வாளியைக் கிணற்றுக்குள் அசைக்கும்போது கனக்காமல், நீர்மட்டத்துக்கு மேலே வந்ததும் கனக்குமே, அதுபோல. நனைந்த உடை நீந்துவதை மெதுவாக்கும். ஏணியில் ஏறும்போதுதான் முழுக் கனமும் தெரியும். எனவே தண்ணீரில் கிடக்கும்போது பதறிப்போய் உடையைக் களைய வேண்டாம், உள்ளே தங்கிய காற்றும் சூடும் உதவும். ஏறும்போது கால்கள் வெளிவர வெளிவரத் தண்ணீர் வடிய நேரம் கொடுங்கள்.

பூட்ஸை உதறினால் கழலும் அளவுக்குக் கொஞ்சம் தளர்வாக, தடித்த காலுறையோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். அடிப்பாகத்தில் கத்தியால் கீறியது போன்ற மெல்லிய வெட்டுகள் இருக்க வேண்டும். ஈரத் தளத்தைப் பிடிப்பவை அவைதான். தோட்ட பூட்ஸின் பெரிய பள்ளங்கள் சேற்றுக்கானவை, படகுத் தளத்தில் வழுக்கும்.

கேள்வி: தானாக ஊதிக்கொள்ளும் என் லைஃப் ஜாக்கெட் இரண்டு முறை அலைத்தெறிப்பிலேயே ஊதிவிட்டது. மழை ஜாக்கெட்டுக்கு உள்ளே போட்டுக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. மூடிய ஜாக்கெட்டுக்குள் அது ஊதினால் விரிய இடமின்றி உங்கள் மார்பையும் கழுத்தையும்தான் நெரிக்கும். தலைக்குப் பின்னால் வந்து முகத்தை மேலே நிறுத்த வேண்டிய காற்றுப்பையும் அங்கே போய்ச்சேராது. எல்லா உடைகளுக்கும் மேலேதான் லைஃப் ஜாக்கெட்.

உங்களிடம் இருப்பது நனைந்தால் கரையும் வில்லையால் இயங்கும் வகையாக இருக்க வேண்டும். தண்ணீரின் அழுத்தம் பட்டால் மட்டும் இயங்கும் வகைக்கு மாறுங்கள்; தெறிப்புக்கு அது அசையாது. கனமான கடல் உடை போடுபவர்கள் மிதப்புத் திறனையும் யோசிக்க வேண்டும். பொதுவாக விற்பது 150 நியூட்டன். உடைக்குள் சிக்கும் காற்று, குப்புற விழுந்தவர் திரும்புவதைத் தடுக்கலாம் என்பதால், மிகக் கனமான உடைக்கு 275 நியூட்டன் வகை உண்டு. எதுவானாலும் தொடைகளுக்கு நடுவே வரும் பட்டையை மாட்டாவிட்டால் ஜாக்கெட் மேலே போகும், ஆள் கீழே தங்குவார்.

கேள்வி: உள்ளே என்ன போடுவது? பருத்திப் பனியன் வியர்வையை நன்றாக உறிஞ்சுமே?

பதில்: உறிஞ்சும், அதுதான் குற்றம், உறிஞ்சியதை விடாது. தோலோடு மெல்லிய மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர் பனியன், அதன்மேல் ஃப்ளீஸ், அதற்கும்மேல் நீர்புகா உடை. மிக விலையுயர்ந்த ஜாக்கெட்டுக்குள் பருத்தி போடுபவருக்கும் மலிவான பிளாஸ்டிக் கோட்டுக்குள் போடுபவருக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. வாங்கும்போது இந்த அடுக்குகளோடு போட்டுப் பார்த்து, குந்தி உட்கார்ந்து, இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்குங்கள். மணிக்கட்டு வெளியே வந்தால் அடுத்த அளவு.

கேள்வி: வெப்ப மண்டலக் கடலில்தான் ஓட்டுகிறேன். சுவாசிக்கும் துணிக்குச் செலவழிப்பது பயன் தருமா?

பதில்: அவ்வளவாகத் தராது. உள்ளே சூடும் ஈரமும் கூடுதலாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் ஆவி சவ்வைக் கடக்கும். வெளியிலும் அதே சூடு, அதே ஈரம் என்றால் எந்தச் சவ்வும் திணறும். காற்றோட்டத்துக்குத் திறப்புகள் உள்ள, தளர்வான, மெல்லிய ஜாக்கெட் வாங்குங்கள். அதைக்கூட மழையில் நனைவதைத் தடுக்க என்பதைவிட, நனைந்த உடம்பில் இரவுக்காற்று படாமலிருக்க என்றே வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: கருநீல ஜாக்கெட் அழகாக இருக்கிறது. நிறம் முக்கியமா?

பதில்: தண்ணீரில் விழுந்தவரின் தலையும் தோளும் மட்டும்தான் தெரியும். நீலம் கடலில் கரையும், வெள்ளை அலைநுரையோடு கலக்கும். ஜாக்கெட்டின் உடல்பகுதி எந்த நிறமானாலும் போகட்டும். தொப்பி மட்டும் பளிச்சென்ற மஞ்சளோ ஆரஞ்சோவாக, தோளிலும் தொப்பியிலும் ஒளியைத் திருப்பும் பட்டையோடு இருக்கட்டும்.

கேள்வி: எப்படித் துவைப்பது? துவைத்தால் கெட்டுவிடும் என்று மூன்று வருடமாகத் தொடவே இல்லை.

பதில்: கெட்டது துவைக்காததால்தான். காய்ந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், அதனால் உடை முழுதாக உலராது. உப்புப் பரல் மடிப்புகளில் அரம் போலத் தேய்க்கவும் செய்யும். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் உள்ளும் வெளியும் அலசி, தடித்த ஹேங்கரில் நிழலில் தொங்கவிடுங்கள். கொக்கியில் மாட்டினால் கழுத்துப் பகுதியில் சவ்வு இழுபடும்.

பருவத்தில் இரண்டு மூன்று முறை சரியான சலவை. ஜிப், வெல்க்ரோ எல்லாவற்றையும் மூடுங்கள். நீர்புகா துணிக்கென்று விற்கும் திரவ சோப்பு, 30 டிகிரி தண்ணீர். சாதாரணச் சலவைத்தூளும் துணியை மென்மையாக்கும் திரவமும் தண்ணீரை ஈர்க்கும் படிவை விட்டுச்செல்லும், அவை வேண்டாம். இயந்திரத்தில் என்றால் சோப்புத் தட்டை முதலில் கழுவிவிடுங்கள். பழைய மிச்சமே போதும் கெடுக்க. இரண்டு முறை அலசுங்கள். சீட்டு அனுமதித்தால் உலர்த்தும் இயந்திரத்தில் குறைந்த சூட்டில் இருபது நிமிடம். சூடு பட்டால் படுத்துக்கிடக்கும் பூச்சு மறுபடி எழும். இப்போது தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து உருண்டால் வேலை முடிந்தது. உருளாத இடங்களுக்கு மட்டும் நீர்விலக்கும் ஸ்பிரே, துணி ஈரமாக இருக்கும்போதே. சலவையோடு கலக்கும் வகை உள்பக்கத்திலும் படியும் என்பதால் நான் ஸ்பிரேயையே சொல்வேன்.

ஃப்ளோரின் இல்லாத பூச்சோடு வரும் புது ஜாக்கெட்டுகளை இன்னும் அடிக்கடி துவைக்க வேண்டும். அவை தண்ணீரை விலக்கும், எண்ணெயை விலக்காது. காலரில் சன்ஸ்கிரீன், மணிக்கட்டில் கைப்பிசுக்கு, எஞ்சின் அறையின் டீசல், இவை பட்ட இடத்தில்தான் முதலில் நனையும்.

கேள்வி: பழைய ஜாக்கெட் ஒன்று மலிவாக வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: முதலில் மூக்கு. புளித்த வாடையும் உள்பக்கம் பிசுபிசுப்பும் இருந்தால் பாலியூரித்தேன் பூச்சு ஈரத்தில் சிதைகிறது என்று அர்த்தம். ஈரத்தோடு மடித்து மாதக்கணக்கில் பையில் கிடந்த உடைகளுக்கு வரும் கதி இது. இதற்கு மருந்து இல்லை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்து தோளிலும் தொப்பியிலும் உள்ள தையல் டேப்பை நகத்தால் நெருடிப் பாருங்கள். ஓரிடத்தில் எழும்பினால் புது டேப் வாங்கி மிதமான இஸ்திரிச் சூட்டில் ஒட்டலாம். எல்லா இடத்திலும் எழும்பினால் விட்டுவிடுங்கள். துணியில் கொப்புளம் தெரிந்தால் சவ்வு பிரிந்துவிட்டது, அதுவும் தீராது. முள்குத்திய ஓட்டை, சிறு கிழிசல் ஆகியவை பொருட்டே இல்லை: ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, மூலைகளை வட்டமாக வெட்டிய ஒட்டுத்துண்டை உள்ளும் புறமும் ஒட்டி ஒரு நாள் அழுத்தி வைத்தால் போதும். லேடக்ஸ் வளையம், மணிக்கட்டுப் பட்டை, ஜிப் இழுப்பான் மூன்றும் மாற்றக்கூடியவை. அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.